எட்டு மணித் தலைவலி

கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், தட்டை வீசுவார்கள். நான் கிராஃப் தாளை எடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக ஆலையில் மீட்டர்களைச் சரிபார்க்கிற வேலை. முள் ஒரு கோடு நகர்ந்தால், ஏன் நகர்ந்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆலைக் குடியிருப்பான அணுபுரத்தில் எங்கள் பிளாக்கில் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். எதிர்வீட்டு ஹரிகிருஷ்ணன் காஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறதென்று சுவரில் குறித்து வைப்பார். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் என் பெண்ணின் தலைவலியை அளந்தேன்.

தொண்ணூற்றொன்பது நவம்பர். வைஷாலி அப்போது பத்தாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரத்தில் அலையில் ஆட்டம் போட்டுவிட்டு ஜலதோஷத்தோடு வந்தாள். ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விட்டது. தலைவலி போகவில்லை. காலையில் எட்டு மணிக்கு, ஸ்கூல் பஸ் வருகிற நேரம் பார்த்து, புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"குனிஞ்சா நெத்தி கழண்டு விழுந்துடற மாதிரி இருக்குப்பா."

சாயங்காலம் நாலரைக்கு அதே மகாராணி கீழே ஷட்டில் ஆடிக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்தின மாதம்தான் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியிருந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

"மணிக்கு மணி எழுது. வலி பத்துக்கு எத்தனைன்னு" என்று ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தேன். மருத்துவத்துக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் ஒரு மணி விடாமல் எழுதினாள். பள்ளிக்கூடத்தில், பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். எட்டு மணிக்கு மூன்று, பத்துக்கு ஆறு, பன்னிரண்டுக்கு ஒன்பது. பிறகு இறக்கம். நாலு மணிக்குப் பூஜ்யம். கிராஃப் தாளில் போட்டுப் பார்த்தேன். பத்து நாளும் அதே கோடு.

ஞாயிற்றுக்கிழமையும் வலித்தது. அன்றைக்கு ஒன்பது மணிக்குக் கணக்கு டியூஷன் இருக்கிறதே என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். போதாததற்குச் சோதனை வேறு. அன்றைக்கே பன்னிரண்டு மணிக்கு வெறும் சத்து மாத்திரையான பி-காம்ப்ளக்ஸைக் கொடுத்து, "இது தலைவலிக்கு ரொம்ப ஸ்ட்ராங்" என்றேன். மூன்றரைக்கு வலி போய்விட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாங்க" என்றாள் என் மனைவி சியாமளா. "மூக்கடைச்ச மாதிரியே பேசறா பாருங்க."

"பொய்க்கு எந்த டாக்டர்கிட்டடி மருந்து இருக்கு?"

ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தவளை மேலே கூப்பிட்டேன். கூடவே வந்த அவள் சிநேகிதி அனுவின் முன்னாலேயே தாளை மேஜையில் விரித்தேன்.

"பாரு. இது வியாதி இல்ல. வியாதிக்கு ஸ்கூல் டைம்டேபிள் தெரியாது."

வைஷாலி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பொய் சொல்றதா இருந்தா பூஜ்யம்னு நான் எதுக்குப்பா எழுதித் தரப்போறேன்?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லையே! மறுநாள் வகுப்பு ஆசிரியைக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன். தலைவலி என்று சொன்னால் நம்ப வேண்டாம், வகுப்பிலேயே உட்கார வையுங்கள் என்று. அவள் கையிலேயே கொடுத்தனுப்பினேன். அவள் அதை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் வலி என்று வாயைத் திறக்கவில்லை. பார்த்தாயா, வைத்தியம் பலித்துவிட்டது என்று சியாமளாவிடம் பீற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. இடது கண்ணின் மேல் இமை சிவந்து வீங்கிக் கண்ணையே மூடியிருந்தது.

காசிநாதனின் வாடகைக் காரில் செங்கல்பட்டுக்கு ஓடினோம். கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இன்னா சார் இது, கண்ணு இப்டி வீங்கிக்கினு கீது! எத்தினி நாளா பாப்பாவுக்கு ஒடம்பு செரியில்ல?"

"இன்னிக்கித்தான்" என்றேன்.

அந்த மூன்று வாரத்தில் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட பொய் இரண்டுதான். மாத்திரையில் ஒன்று, இது ஒன்று. இரண்டையும் சொன்னவன் நான்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பிரபாவதி, புருவத்தின் உள்முனைக்குக் கீழே கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். வைஷாலி போட்ட அலறல் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார்கள்.

"நெத்தி எலும்புக்குள்ள காத்து இருக்கற அறை இது. வலது பக்கம் கறுப்பா தெரியுதுல்ல, அப்படித்தான் இருக்கணும். இடது பக்கம் வெள்ளையா இருக்கு. சீழ்." பிறகு கேட்டார்: "வலி எப்ப வரும், எப்ப போகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சியாமளா கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் அதைக் கையில் எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு போட்டது இது? எங்க பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கே! ராத்திரி படுத்திருக்கறப்ப உள்ள தேங்கிடும். காலைல எழுந்ததும் வலி ஏறும், மத்தியானம் உச்சத்துக்குப் போகும். நிமிர்ந்து இருக்க இருக்க மெதுவா வடியும், சாயங்காலம் விட்டுடும். ஆபீஸ் தலைவலின்னே எங்க ப்ரொஃபசர் சொல்லுவாரு. ஏன் சார், இவ்வளவு அழகா கண்டுபிடிச்சு வச்சுட்டு, ஏன் கொண்டு வரல? அப்பவே வந்திருந்தா மாத்திரைலயே போயிருக்குமே."

என் பெண் பொய்க்காரி என்று நிரூபிக்க வரைந்தது அது.

"இன்னிக்கே சீழை எடுத்தாகணும். கண்ணுக்குள்ள எறங்கிட்டா பார்வை போயிடும். மூளைப் பக்கம் போயிடுச்சுன்னா..." என்றவர் மேலே சொல்லாமல் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

புருவத்துக்குக் கீழே சின்னதாகக் கீறி, குழாய் வைத்தார்கள். மறுநாள் இமையை விலக்கி, சிஸ்டர் அன்பரசி விரலைக் காட்டினாள். "ரெண்டு" என்றாள் வைஷாலி. கண் பிழைத்தது. வராந்தாவுக்குப் போய், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன். மனுஷனா நான்!

திரும்பி வந்தபோது சிஸ்டர் அவளிடம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "வலி கீதா பாப்பா? ஊசி போடட்டா?"

வைஷாலி எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே முக்கால். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இல்ல சிஸ்டர்."

அவள் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"வலிச்சா சொல்லும்மா" என்றேன். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

அவள் குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. நிஜமான சந்தேகம்தான் இருந்தது.

"சாயங்காலத்துல வலிக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.