அறுபடாத தோல்

"இதை உள்ளே வைக்க முடியாதும்மா. உருகி எலும்புல ஒட்டிக்கும்."

சவப்பெட்டிக்குள் நோபுயோ வைத்த பிளாஸ்டிக் தாள் கட்டை, சடங்கு நிலையத்து ஆள் இரு கைகளாலும் எடுத்து, குனிந்து, அவளிடமே தந்தார்.

வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே அவள் கணவர் தெருஹிகோ படுத்திருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நெரிமா பகுதியில் மூடப்பட்ட ஒரு கார்ட்டூன் நிலையத்திலிருந்து கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள்களும் வண்ணப் புட்டிகளும் வாங்கிவந்து, கையால் வரைந்தே ஒரு படத்தை அசைய வைத்துப் பார்க்கிறேன் என்று சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டவர்.

"அண்ணி, அண்ணனோட இதைத்தான் அனுப்பணுமா?" அவருடைய தங்கை மிட்சுகோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஆரஞ்சுக் கஞ்சியைக் கொட்டின மாதிரி இருக்கு. என்னன்னு கேக்கலையா?"

"கேட்டேன். காயட்டும்னார்."

வேறு எதை அனுப்புவது? ஓட்டுநர் தொப்பியைக்கூடப் பணிமனையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூடியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். இத்தனை காலம் கூட இருந்தவரை வெறுங்கையோடு நெருப்புக்கு அனுப்பப்போகிறோமே என்று நினைத்தாள் நோபுயோ.

மிட்சுகோ ஒரு தாளை உருவி ஜன்னல் பக்கம் தூக்கினாள். அவள் சிரிப்பு நின்றது.

"அண்ணி. இந்தப் பக்கம் வந்து பாருங்க."

வண்ணத்தைத் தாளின் பின்புறம் பூசியிருந்தார். துணிக்கொடியில் காய்ந்தபோதெல்லாம் நோபுயோ கண்டது அந்தத் திட்டுத்திட்டான முதுகைத்தான். முன்புறம் நீர்ப்பரப்பைப்போல் வழவழப்பாக இருந்தது. அதில் ஒரு கை, கத்தி, பாதி உரித்த, தக்காளி போன்ற ஆரஞ்சு நிறப் பெர்சிமன் பழம். கட்டைவிரலில் எண்ணெய் தெறித்த பிறைத் தழும்பு.

நோபுயோ தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். அதே தழும்பு.

தாள்களை அடுக்கிப் பிடித்து, விரலால் சரசரவென்று புரட்டினாள். பழம் சுழன்றது. தோல் அறாமல் நீண்டு இறங்கியது. மணிக்கட்டு, அவளுக்கே தெரியாத ஒரு சாயலில், மெல்லத் திரும்பியது. இன்னொரு முறை புரட்டினாள்.

"நான் பழம் உரிக்கிறப்போ பேப்பர் படிக்கிறார்னுல்ல நெனச்சேன்..."

"திருட்டுப்பய," என்றாள் மிட்சுகோ. "உங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

கட்டின் அடியில் காகிதத்தில் போட்ட பென்சில் படங்கள் இருந்தன. அதே கை, வண்ணமில்லாமல்.

"காகிதம்?" என்று கேட்டாள் நோபுயோ.

"காகிதம் போகலாம்மா," என்றார் நிலையத்து ஆள்.

அவற்றை அவருடைய கைகளுக்கு அடியில் செருகினாள். மூடி இறங்கியது.

எலும்புகளைப் பொறுக்கிக் கலசத்தில் இட்டு வீடு திரும்பியபோது வெயில் இன்னும் சமையலறையில் இருந்தது. படையலுக்கு ஒரு பெர்சிமனை எடுத்து உரித்தாள். தோல் அறவில்லை.

கடைசிக் கண்ணாடித் தாளில் அவர் கோடு மட்டுமே இழுத்திருந்தார்; வண்ணம் பூசியிருக்கவில்லை. பழத்தையும் தோலையும் மேசையில் வைத்து, அந்தத் தாளை மேலே பிடித்தாள். சற்று நகர்த்தினாள், இன்னும் சற்று. கோடுகளுக்குள் ஆரஞ்சு நிறம் வந்து நிறைந்தது.