எள் கலந்த மன்னா

காகங்கள் இம்மானுவேல் வீட்டுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்து கொடுத்தது ஆமவடையா உளுந்த வடையா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை எழுதுகிறவன் இத்தனை காலம் ஆமவடை என்றே நினைத்திருந்தான். சென்ற மாதம் இம்மானுவேலின் தெரு இருக்கும் மதுரைக் கோச்சடைக்குப் போனபோது இரண்டு பேர் உளுந்த வடை என்று சத்தியம் செய்தார்கள். ஒருவர், இல்லவே இல்லை, அதிரசம் என்றார். ஆனால் கொண்டுவந்தவை காகங்கள் என்பதிலும், அது தை அமாவாசைக் காலை என்பதிலும், அலகால் கதவைத் தட்டிவிட்டுத்தான் வைத்தன என்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இம்மானுவேல் வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கிறவன். பெயிண்டர்களுக்குப் பொங்கலுக்கு முந்தைய மாதம்தான் அறுவடை. அந்த அறுவடையின் நடுவில் ஒரு மாடி வீட்டுச் சாரத்திலிருந்து விழுந்து வலது கால் முறிந்தது. உள்ளே கம்பி வைத்து, ஆவணி வரைக்கும் ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த வாரமே அதே காலைக் கட்டிலில் இடித்துக்கொண்டான். பட்ட காலிலே படும் என்பது அவன் விஷயத்தில் பழமொழியாக இல்லாமல் எக்ஸ்ரேயாகவே இருந்தது. மனைவி முத்துமீனா தைக்கப் போய்க்கொண்டிருந்த ரெடிமேட் கம்பெனியும் அந்தச் சமயம் பார்த்து மூடிக்கொண்டது. ரேஷன் அரிசி இருந்தது. அதன்மேல் ஊற்றிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் அரிசியும் இருக்காது. இம்மானுவேல் இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவன், யாரிடமும் எதையும் கேட்டு வளராதவன். ஆண்டவரிடம்கூடச் சோறு கேட்கவில்லை; கேட்டால் வீட்டு நிலைமை அவருக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டான். "ஊருக்குத் தெரியாமப் பாத்துக்கங்க ஆண்டவரே" என்பது மட்டும்தான் அவனுடைய காலை ஜெபமும் மாலை ஜெபமும். அதற்கு ஒத்தாசையாக முத்துமீனா தினமும் உச்சிவேளையில் குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்து விசில் விடவைத்தாள். தெரு கேட்கட்டும், பருப்பு வேகிறது என்று நினைக்கட்டும்.

இந்த நிலையில்தான் காகங்கள் வந்தன. கேரீத் ஆற்றண்டையில் ஒளிந்திருந்த தீர்க்கதரிசி எலியாவுக்குக் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த வேதாகம அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் இம்மானுவேல். ஆகவே அவனுக்கு ஆச்சரியம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. கேட்டது ரகசியம், வந்தது காகம். ரகசியம் காக்க இதைவிடப் பொருத்தமில்லாத பறவையை ஆண்டவர் படைக்கவே இல்லை. காலையில் இரண்டு காகங்கள் வாழையிலையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு சாதத்தோடு இறங்கின. பின்னால் ஒன்று அப்பளத்தை உடையாமல் கொண்டுவந்தது. சாயங்காலம் முக்குக் கடை விருமாண்டியின் பரோட்டா வந்தது. சால்னா ரப்பர் பேண்டு போட்ட கவரில் தனியாக வந்தது, ஒரு நாளும் சிந்தியதில்லை. சாம்பல் புதன் அன்று இறைச்சியை விலக்கும் லெந்து நாட்கள் தொடங்கியதும் சொல்லாமலே சால்னாவில் கறித்துண்டு நின்றுபோயிற்று. முத்துமீனாவின் கன்னத்தில் சதை போட்டது. குக்கர் மட்டும் வழக்கம்போல் விசிலடித்தது.

ஒருநாள் விருமாண்டியே ஜன்னலோரம் வந்து நின்றான். "மாப்ள, ஒங்க காக்காட்டக் கொஞ்சம் சொல்லி வையி. சால்னா கட்டுற வரைக்கும் கல்லாவ விட்டு எந்திரிக்க மாட்டேங்குது. யாவாரத்துக்கு வர்றவன் பயப்படுறான்."

"எந்தக் காக்கா?" என்றான் இம்மானுவேல். அப்போது அவன் தோளில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

விருமாண்டி அவனையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி மாப்ள, அப்ப அது வேற யாரு காக்காயோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மாசி அமாவாசைக்கு வந்த சோற்று உருண்டையில் எள் இருந்தது. இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னாவில் எள் கலந்திருந்ததாக ஞாயிறு பள்ளியில் யாரும் சொன்னதில்லை. இம்மானுவேல் வாயருகே கொண்டுபோன கையை இறக்கினான். செத்தவர்களை நினைத்துச் சுவரில் வைக்கும் சோற்றில்தான் எள் கலப்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும். படைத்ததைப் புசிக்காதே என்று தொட்டில் நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன்.

"மீனா, இது படையல் சோறு."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்து. ஞானஸ்நானம் வாங்குறதுக்கு முன்னாடி எங்க வீட்டுச் சுவத்துல நானே வச்சவ. எனக்கா எள்ளு தெரியாது?"

"ஏன் சொல்லல?"

"பசிச்சுச்சு" என்றாள் முத்துமீனா.

இம்மானுவேல் உருண்டையை அப்படியே இலையில் வைத்து மூடினான். மறுநாள் வாசலில் நாற்காலி போட்டு, மேல்சுவருக்கு பெயிண்ட் அடிக்கும் உருளையை மாட்டும் நீளக் கம்பை வீசிக் காகங்களை விரட்டினான். அவை கோபப்படவில்லை. எதிர் மாடியில் வரிசையாக உட்கார்ந்து அவனைப் பார்த்தன. அன்றிலிருந்து அந்தத் தெருவில் எந்தக் காகமும் எந்தச் சுவரில் வைத்த எதையும் தொடவில்லை. காகத்துக்கு வைக்காமல் சாப்பிடாத வீடுகள் அங்கே அநேகம். அது எடுக்கட்டும் என்று காத்திருந்தே பலர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்குப் பிந்தினார்கள். இம்மானுவேல் வீட்டிலோ மறுபடியும் கஞ்சியும் உப்பும். தெரு முழுவதும் மெலிந்துகொண்டு வந்தது.

பங்குனி அமாவாசை அன்று அடுத்த வீட்டு ஹரிராமின் அப்பாவுக்குத் திதி. ஹரிராம் பட்டுச் சேலை வியாபாரம் செய்கிற சௌராஷ்டிரர். உறவு சனமெல்லாம் தெற்கு மாசி வீதியிலிருந்தும் வண்டியூரிலிருந்தும் வந்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் காத்திருந்தது. காகங்கள் சுவரில் வந்து உட்கார்ந்தன. இலைக்கு முதுகையும் இம்மானுவேல் வீட்டு வாசலுக்கு முகத்தையும் காட்டின. உச்சிப்பொழுது தாண்டியதும் ஒரு பெரியவருக்கு மயக்கம் வந்தது. ஹரிராம் தெருவையே திரட்டிக்கொண்டு இம்மானுவேல் வாசலுக்கு வந்து கைகூப்பினார்.

"அண்ணே, நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. எங்கப்பா உசுரோட இருந்தப்பவே இப்படித்தான். பக்கத்துல ஒருத்தர் சாப்பிடாம இருந்தா அவருக்குச் சோறு எறங்காது."

கால் சுகத்துக்காக ஜெபிக்க வந்திருந்த போதகரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் நெடுநேரம் கண்களை மூடியிருந்தார். அந்த அமைதியில் அவர் வயிறு பேசியது எல்லோருக்கும் கேட்டது. "எந்த வீட்டு இறைச்சின்னு எலியா காக்காய விசாரிச்சதா வேதத்துல இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்து, "விசாரிக்கலன்னும் எழுதல" என்றார்.

இம்மானுவேல் கம்பை ஊன்றி எழுந்தான். இத்தனை நாள் ஊருக்குத் தெரியாமல் கட்டிக் காத்ததெல்லாம் வாசலில் வந்து நின்றது. "எங்க வீட்ல சமையல் ஆச்சுங்க. பருப்பு வெந்துக்கிட்டு இருக்கு" என்றான். அதற்குச் சாட்சியாக உள்ளே குக்கர் விசிலடித்தது.

ஹரிராமின் மனைவி சீதாலட்சுமி பசியில் பொறுமை இழந்திருந்தாள். "அண்ணே, பருப்பு வெந்தா வாசம் வரணும்ல? பொங்கல்ல இருந்து உங்க வீட்ல விசில் மட்டும்தான வருது."

தெருவே தரையைப் பார்த்தது.

"தெரியுமா?" என்றான் அவன்.

"எல்லாத்துக்கும் தெரியும். கையில குடுத்தா வாங்குவீகளா? முறைப்பீக. வச்ச சோத்தக் காக்கா உங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதப் பாத்தேன். அன்னைக்கே எலையப் பெருசாக்குனேன். விருமாண்டி அண்ணன மட்டும் என்ன, காக்காயா மெரட்டிப் பார்சல் கட்டச் சொல்லுச்சு?"

விருமாண்டி, "லேசா மெரட்டுச்சு" என்றான்.

இம்மானுவேல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். தெரு பசியோடு காத்திருந்தது. ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவன் கேட்டிருந்தான். ஊர் தெரியாததுபோல் இருந்திருக்கிறது. இத்தனை பேர் வாயை இத்தனை நாள், அதுவும் கோச்சடையில், மூடிவைக்கக் கூடியவர் ஆண்டவரைத் தவிர வேறு யார் இருக்க முடியும் என்று அவன் யோசித்தான். காகம் சால்னா கொண்டுவந்தது அதன் பக்கத்தில் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

"படையல் மட்டும்..." என்று இழுத்தான்.

"படைக்கிறதுக்கு முன்னாடி பானையில இருந்து எடுத்துட்டு வாரேன். அது வெறும் சோறு. நீங்க உங்க சாமியக் கும்பிட்டுச் சாப்பிடுங்க, பெறகு எங்க மாமனாருக்குப் புதுசா வைக்கிறேன்."

திதி அன்று அப்படி வழக்கம் இல்லை என்று ஹரிராம் தயங்கிச் சுவரைப் பார்த்தார். அங்கே காகமாக உட்கார்ந்திருந்த அப்பா தலையாட்டினார். இலை வந்தது. இம்மானுவேல் அடுப்பை அணைக்கச் சொல்லி, முத்துமீனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாசல் கதவைத் திறந்தபடியே விட்டு ஜெபம் பண்ணினான். அவன் முதல் கவளத்தை விழுங்கியதும் தெருவிலிருந்த அத்தனை சுவர்களிலும் காகங்கள் இறங்கின. போதகரும் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார்.

ஆவணியில் இம்மானுவேலின் கால் கூடியது. லேசாக விந்தி நடப்பான், ஏணியில் ஏறும்போது மட்டும் அது தெரியாது. முதலில் ஹரிராம் வீட்டுக்குத்தான் அடித்தான், காகங்கள் உட்காரும் சுவருக்கு இரண்டு கை பெயிண்ட் கூடுதலாக. முத்துமீனா வேறு கம்பெனியில் சேர்ந்தாள். அவள் குக்கருக்கு இப்போது வாசம் உண்டு. விருமாண்டி கடையில் காகங்களுக்குத் தனி வரிசை இருக்கிறது. போதகர் திருமங்கலத்துக்கு மாற்றலாகிப் போய், வருஷம் ஒருமுறை எலியாவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். ஹரிராமின் அப்பா திதி தவறாமல் வந்துபோகிறார். மழைக்காலத்தில் பெயிண்ட் வேலை நின்றால் இம்மானுவேல் கதவில் அலகுச் சத்தம் கேட்கும்; அவன் போய்த் திறப்பான். அமாவாசைகளில் தெருவின் முதல் இலை அவன் வீட்டுக்குப் போகிறது. அவன் ஆமென் சொல்லும் வரைக்கும் காகங்கள் எதையும் தொடுவதில்லை. ஜெபம் நீண்டுவிட்டால் மட்டும் ஒன்று மெதுவாகக் கரையும்.