காதில் விழாத வரை

சுபாஷினியின் கூந்தல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து அவளுடைய சாம்பல் நிறக் கோட்டின் முதுகில் கறுத்துப் பரவுகிறது, அடுத்த சொட்டு திரண்டு நிற்கிறது, ரயில் ஒரு குலுங்கு குலுங்கினால் அதுவும் விழும், பின் இருக்கையில் உட்கார்ந்து ஆவுடையம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மருமகள் நேற்று வெள்ளிக்கிழமைதான் தலைக்குக் குளித்தாள், இன்று சனிக்கிழமை, பெண்பிள்ளைகள் தலை முழுகும் நாளில்லை, அதுவும் வைகாசி பிறந்தும் பல் கிட்டிக்கும் இந்த ஸ்டாக்ஹோமில், வெளியே கிளம்புகிற காலையில். மருமகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மகன் சைலப்பனோ பிறந்ததிலிருந்தே சளித் தொல்லைக்காரன், சங்கரன்கோவில் வெயிலிலேயே வெந்நீர் கேட்டவன், அவன் தலையும் ஈரம். காலையில் வீட்டில் சாமி அலமாரி சாத்தியிருந்தது, விளக்கு ஏற்றவில்லை. ஒங்க போன் அப்டேட் ஆவுது அத்தை, திங்கக்கெழம வரைக்கும் தொடாதீங்க என்று சுபா அதை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள், எந்த ஊரில் ஒரு போன் மூன்று நாளைக்கு அப்டேட் ஆகிறது. ஊரில் யாரோ போய்விட்டார்கள். செய்தி கேட்டு இரண்டு பேரும் தலை முழுகிவிட்டு, அவளிடம் மூச்சுக்காட்டாமல், ஏற்கெனவே போட்ட திட்டப்படி ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போகிறார்கள். மறைக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தலை துவட்டத் தெரியவில்லை.

தூரத்துச் சொந்தமென்றால் இப்படி மறைக்க மாட்டார்கள், கணவர் போய் ஒன்பது வருஷமாகிறது, அவளுக்கென்று ஊரில் மிச்சமிருப்பது இரண்டே பேர். பாளையங்கோட்டையில் அண்ணன் சங்கரலிங்கம், எழுபத்தொன்பது வயது, போன மாதம் நெஞ்சுவலி வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். சங்கரன்கோவிலில் அக்கா பிரமு, எழுபத்திரண்டு, காலையில் கோயிலை ஒரு சுற்று வந்த பிறகுதான் காபி குடிப்பாள், ஆவுடை டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் போன காலத்தில் சைலப்பனை ஐந்து வயது வரை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். இரண்டு பேரில் யார். முன்னால் குனிந்து மகனின் தோளைத் தொட்டு யாருப்பா என்று கேட்டால் சொல்லிவிடுவான், பொய் சொல்ல வராதவன், ஆனால் அவள் கேட்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே மரங்கள் போகின்றன, காதில் விழுந்தால்தானே தீட்டு, விழாத வரை இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அக்காதான். அப்பா இறந்தபோது அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை, எட்டு மாதம், வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சொல்லக் கூடாதென்று பெரியவர்கள் முடிவுசெய்துவிட்டு, எல்லாம் எப்போதும்போல இருக்கிறதென்று காட்டப் பதினெட்டு வயது ஆவுடையை ஒரு தூக்குவாளி முறுக்கோடு அனுப்பிவைத்தார்கள், பஸ்ஸை விட்டு இறங்கிப் போகிறாள், அப்பா எங்கட்டி என்று அக்கா கேட்கிறாள், குற்றாலத்துக்குப் போயிருக்காரு என்கிறாள், அக்கா சடையைப் பார்க்கிறாள், எழுந்து போய் ஒரு துண்டை எடுத்து வந்து சடையை அவிழ்த்துத் துவட்டுகிறாள், சளி புடிக்கப்போவுதுட்டி என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பிள்ளை பிறந்து இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சொன்னாள், ஒஞ் சடையப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு, கேட்டா அப்பா செத்துருவாருல்லா, அதான் கேக்கல.

அத்தை, அரண்மனை வந்துட்டு, இப்பிடி நில்லுங்க, சிரிங்க என்கிறாள் சுபா. சிரிக்கிறாள். நீலச் சட்டைச் சிப்பாய்கள் கொட்டு முழக்கத்தோடு காவல் மாறுகிறார்கள், ஒருவன் வர, ஒருவன் போக, வேடிக்கை பார்க்கிற கூட்டம் கழுத்தை நீட்டுகிறது, அந்தக் கொட்டுச் சத்தத்துக்கு நடுவில், யாரோ பின்னால் நின்று சொன்னதுபோல் அந்த நினைப்பு வந்தது, அண்ணனாவே இருக்கட்டும். வந்ததும் பதறியிருக்க வேண்டும், பதறவில்லை. உள்ளங்கையைக் கிள்ளிப் பார்த்தாள், கை வேறு யாருடையதோபோல் கிடந்தது. அண்ணன் முன்கோபி, இவள் கல்யாணத்திலேயே சாம்பாரில் உப்பில்லை என்று இலையை மூடிவிட்டு எழுந்து போனவர், வயதும் ஆகிவிட்டது, நெஞ்சுவலியும் வந்துவிட்டது, போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அக்காவுக்கு ஒரு காரணமும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத ஒரு சந்துக்குள் மகன் அழைத்துப் போனான், படி ஏறுகிறாள், ஏற ஏற மனதுக்குள் அண்ணனைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியாகிவிட்டது, நெற்றியில் திருநீறு பூசியாகிவிட்டது, மேல்படிக்கு வந்து மூச்சு வாங்கும்போது பாடையைத் தூக்கிவிட்டார்கள். மத்தியானம் பூங்கா பெஞ்சில் தக்காளிச் சாதத்தைத் திறந்தார்கள், ருசியா இருக்கா அத்தை, இருக்கும்மா. ஊரில் இந்நேரம் எரிந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபடியே இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கப்பலைக் காட்டினார்கள், கட்டி முடித்துக் கிளம்பிய அன்றே கடலில் மூழ்கி, முந்நூற்று முப்பத்து மூன்று வருஷம் சேற்றில் கிடந்து, அப்புறம் மேலே தூக்கப்பட்டதாம், கிளம்பின அன்றே மூழ்கின கப்பலுக்கு எவ்வளவு பெரிய வீடு என்று ஆவுடைக்குத் தோன்றியது, இருட்டும் குளிருமாக இருந்த அந்தக் கூடத்தில் மேல்தளத்தைப் பார்த்தால் அங்கே வேட்டியைத் தொடையில் தட்டிக்கொண்டு அண்ணன் நிற்கிறார், நீ எங்கட்டி இங்க என்று அதட்டுகிறார், கண்ணை மூடித் திறந்தால் மரச்சிற்பம். முடித்துவைத்தவளுக்கு இன்னும் என்ன பயம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மகன் கழிப்பறைக்குப் போகிறேனென்று போய் வெகுநேரம் வரவில்லை, வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன, சளிம்மா என்றான். மாமாவுக்கும் அவனுக்கும் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. அந்த ஒன்றை மட்டும் அவள் நினைத்துப் பார்க்காமல் தள்ளிவைத்தாள்.

திரும்பும் படகில் சைலப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றான், சுபா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டியபோது வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தான், முதுகைப் பார்த்தே ஆவுடைக்குத் தெரிந்தது, இனி ஒரு மணி நேரம்கூட இவனால் தாங்க முடியாது, இவனுக்கு அழ வேண்டும், அம்மா எதிரில் அழ முடியாமல் இரண்டு நாளாக அம்மாவுக்கு அரண்மனை காட்டிக்கொண்டிருக்கிறான். தனக்காகக் கேட்பதென்றால் ஊருக்குப் போய் இறங்கும்வரைகூடக் கேட்காமல் இருந்திருப்பாள். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, யாருலே, மாமாவா என்றாள்.

அவன் திரும்பவில்லை. இல்லம்மா என்றான், பெரியம்மா, நேத்து விடியக்காலம், தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா, என்று சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணி, முப்பத்தாறு வயது ஆம்பிளை அத்தனை வெள்ளைக்காரர்கள் பார்க்க ஓவென்று அழுதான். மாமாதாம்மா சொல்லவிடல, அவ ஒரே ஒரு தடவதான் வந்துருக்கா, போட்டுவெச்சபடி ரெண்டு நாள் சுத்திப் பாக்கட்டும், எப்பிடியும் மொகம் பாக்க வந்துசேர முடியாது, பெறவு சொல்லிக்கிடலாம்ன்னாங்க. ஆவுடை அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அக்கா போய்விட்டாள் என்பது உள்ளே எங்கும் போய்ச் சேராமல் அப்படியே நின்றது, முதலில் உறைத்தது வேறொன்று, இரண்டு நாளாக யாரைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு நடந்தாளோ அந்த மனிதர், தங்கச்சி சந்தோஷமாக இருக்கட்டுமென்று அங்கே தனியாளாக உட்கார்ந்து துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமாவுக்குப் போடுலே என்றாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டார். ஆவுடையா, ஏட்டி, பய சொல்லிட்டானா. ஆமாண்ணே. தலைக்கு ஊத்திக்கிட்டியா. இல்லண்ணே, படகுல நிக்கேன். சரி, வீட்ல போயி ஊத்திக்க, வெந்நியில ஊத்திக்க, என்னட்டி, எல்லாம் பாத்தியா. பாத்தேண்ணே. அக்காளுக்குத்தான் கேக்கக் குடுத்துவெக்கல, எனக்காவது சொல்லு, என்னவெல்லாம் பாத்த. ஆவுடை அரண்மனையைச் சொல்ல ஆரம்பித்தாள், நீலச் சட்டை என்றாள், கொட்டு என்றாள், ஒருத்தன் வந்தா ஒருத்தன் போறான்ணே என்றாள், அதற்குமேல் வரவில்லை. ஏட்டி, நாந்தான் போயிருப்பேன்னு நெனச்சியோ என்று அண்ணன் கேட்டார், குரலில் கோபமே இல்லை. அவள் பொய் சொல்ல வாயெடுத்தாள், ஆமாண்ணே என்று வந்துவிட்டது. நானுந்தாண்ட்டி அப்பிடி நெனச்சிருந்தேன், அவ என்னைய முந்திட்டாட்டி என்று சொன்ன அண்ணன், இத்தனை வருஷத்தில் அவள் காதுபட ஒருமுறையும் அழாதவர், போனை வைக்கவும் தெரியாமல் அழுதார், அப்போதுதான் ஆவுடைக்கும் அழுகை வந்தது.