நூற்று அறுபத்தொன்றாம் பக்கம்

மோட்டார்க்காரர் யாரையும் நம்பமாட்டார். தராசை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார், ஒரு கடிகாரத்தை இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் மணி என்ன என்று ஒத்துக்கொள்வார். நாற்பது வருடம் தண்ணீர் பம்பு பழுது பார்த்த மனுஷன். ஆள் சொல்வதைக் கேட்காதே, மோட்டார் சத்தத்தைக் கேள் என்பது அவர் வேதம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: மகள் சொல்.

மகளுக்குப் புத்தகக் கடையில் வேலை. எதைப் படிக்கலாம் என்று சின்னச் சீட்டில் இரண்டு வரி எழுதி அலமாரியில் ஒட்டுவாள். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற எழுத்தாளரின் புது நாவலுக்கு அவள் எழுதியிருந்தது இது: 'ஒரே மூச்சில் படித்தேன். கடைசி வரை கண்ணீர்.' அதை நம்பித்தான், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட அப்பாவும் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அவருக்கு ஒரே மூச்சு ஆகவில்லை. ஐந்து வாரம் ஆனது.

முடித்த கையோடு கடைக்கு வந்தார். அன்று மாலை ஐந்து மணிக்கு அந்த எழுத்தாளரே வாசகர்களைச் சந்திக்க வருகிறார். மகள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

"படிச்சு முடிச்சுட்டேன்மா."

"நெஜமாவா! எப்படிப்பா இருந்துச்சு?"

"முதல்ல ஒரே ஒப்பாரி. எவனாவது ஜன்னலைப் பாத்துக்கிட்டே நிக்கிறான். மூடி வச்சுடலாம்னு பாத்தேன். நூத்தி அறுபத்தொண்ணாம் பக்கம் வந்துச்சு பாரு, மனுஷன் பிச்சு உதறிட்டாரு!"

"அங்க என்ன வருது?"

"அதான், அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டப் போறா. அடுத்த பக்கத்துல பாத்தா, பம்பு காத்து இழுத்தா என்ன பண்ணணும்னு ஆரம்பிக்கிறாரு. குழாய் அடியில இருக்கிற புட்வால்வைக் கழட்டு, ரப்பர் சீலைப் பாரு, பேரிங்கைக் கையால சுத்திப் பாரு. பதினாறு பக்கம்! ஒரு பொய் கிடையாது. இந்த ஆளு பம்புல கை வச்சவருதான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போப்பா, காலங்காத்தால கிண்டல்."

"எனக்கும் கிண்டலுக்கும் என்ன சம்பந்தம்? நீயும்தானே படிச்சே? கிரீஸ் மட்டும் அதிகமா வைக்கச் சொல்றாரு. சாயங்காலம் அவர்கிட்டச் சொல்லணும்."

சிரிப்பு பாதியில் நின்றது. மகள் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். நூற்று அறுபதில் ஆஸ்பத்திரிக் கதவு. நூற்று அறுபத்தொன்றில் பம்பின் படம். நூற்று எழுபத்தேழில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு கப்பலில் போய்க்கொண்டிருந்தாள்.

"பம்பைச் சரிபண்ணிட்டு அவ கிளம்பிட்டான்னு நெனச்சேன்," என்றார் அப்பா.

மேசையில் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். பத்தாவதையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் பம்பு. அச்சகத்தில் தைக்கும்போது வேறொரு புத்தகத்தின் அதே எண் போட்ட பக்கங்களைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் இந்தக் கடையில் மட்டும் இருநூறு பிரதி போயிருந்தது. ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அப்பாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"அப்ப நீ?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"ஒரே மூச்சுன்னு எழுதியிருந்தியே."

"முதல் நாப்பது பக்கம், கடைசி ரெண்டு பக்கம்பா. வாரத்துக்கு இருபது புத்தகம் வருது. எல்லாத்தையும் எங்க படிக்கிறது?"

"கண்ணீர்?"

மகள் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். கரண்டு ஓடுகிற கம்பியில் கை வைத்தவர்போல அவர் நாற்காலியில் விழுந்தார். அறுபத்தெட்டு வயதில் நம்பிய ஒரே சொல் அது.

மகள் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தம்மா கத்தியது அப்பாவுக்கே கேட்டது. "வாயைத் தொறக்காதே! விழா முடியட்டும். சீட்டு எழுதினது நீ. வெளிய தெரிஞ்சா உன் வேலைதான் போகும்."

அப்பா திட்டியிருந்தால் தேவலை. அவர் சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஐந்து மணிக்குக் கூட்டம் நிரம்பிவிட்டது. எல்லார் மடியிலும் அதே நாவல். கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, "அந்த ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கிறதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கலை," என்றார். எழுத்தாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்பா மகளைப் பார்த்தார். பார்த்ததோடு சரி.

அடுத்து அவள் பேச வேண்டும். மைக்கைப் பிடித்தாள்.

"நான் இந்த நாவலை முழுசாப் படிக்கலை. படிச்சேன்னு எழுதினது பொய். எல்லாரும் நூத்தி அறுபத்தொண்ணாம் பக்கத்தைத் தொறந்து பாருங்க."

தாள் புரளும் சத்தம் சடசடவென்று எழுந்து அடங்கியது. கண்ணாடிக்காரர் புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் தள்ளினார். பேயறைந்த மாதிரி நின்றார் எழுத்தாளர்.

"ரெண்டு மாசமா... யாருமே சொல்லலையே!"

"நீங்களும் சொல்லலையே," என்றார் பின்வரிசையிலிருந்து மோட்டார்க்காரர்.

"எங்கப்பா. அவர் ஒருத்தர்தான் முழுசாப் படிச்சவர்," என்றாள் மகள்.

எழுத்தாளர் நாற்காலிகளுக்கு நடுவே அவரைத் தேடி வந்தார். "ஐயா, எப்படி இருந்துச்சு?"

"அந்தப் பதினாறு பக்கம் நல்லா இருந்துச்சு. கிரீஸை மட்டும் கொறச்சுக்கங்க."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தது. விழாவுக்கு வந்திருந்த முதலாளியம்மா, "நாளைக்கு நீ வரவேண்டாம்," என்று சொல்லிவிட்டு அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். மகள் அலமாரி அலமாரியாகப் போய்த் படிக்காமல் எழுதிய சீட்டுகளைக் கிழித்தாள். கடைசியில் ஏழே ஏழுதான் மிஞ்சின.

"நீ படிச்சது ஒண்ணு குடு," என்றார் அப்பா. "நெஜமாப் படிச்சது."

மூலையில், அடித்தட்டிலிருந்து ஒல்லியான ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அவர் நடுவில் பிரித்தார். விரலை வைத்தார்.

"'சா...வியைத் திருப்பிக் கொடுக்க... அவள் மாடி ஏறினாள்.' அப்புறம்?"

"பாதிப் படியில நின்னுடுவா. கீழ்வீட்டுக்காரி பாத்திரம் கழுவுற சத்தம் கேக்கும். சாவியைக் குடுக்காமலே எறங்கி வந்துடுவா."

அப்பா தலையாட்டவில்லை. விரலை அடுத்த வரிக்கு நகர்த்தி, அவள் சொன்னது சரிதானா என்று எழுத்துக்கூட்டத் தொடங்கினார்.