எசமான் கையை விட வேண்டும்

எங்கள் எசமான் செப்டீசியஸ் குடித்தால் வாரி வழங்குவார், தூங்கி எழுந்தால் சுத்தமாக மறந்துவிடுவார். "கார்போஸ், உன்னை விடுதலை பண்றேன்டா" என்று அடிமையான என்னிடம் இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் பல்லக்கிலேயே தூங்கிப்போனார். அந்தப் பல்லக்கை ஆடாமல் அசையாமல் சுமந்து அவரைத் தூங்க வைத்ததே நான்தான். என் தொழில் திறமையில் இடி விழ!

அன்று காலைத் தேர்ப்பந்தயத்தில் பச்சை அணி ஜெயித்தது. எசமான் ஒரு ஜாடி மதுவை முடித்துவிட்டு, பல்லக்கில் ஏறிக்கொண்டே மூன்றாம் முறையாக அதையே சொன்னார்.

"டேய், நீதிபதி குளிக்கப் போற நேரம்," என்று கிசுகிசுத்தான் எனக்குப் பின்னால் தோள் கொடுக்கும் பித்தஸ். "அவர் முன்னாடி சொன்னாத்தான் விடுதலை செல்லும். தெருவுல மடக்கிட்டா அங்கயே முடிச்சிடலாம்."

"அதுக்குள்ள இவர் தூங்கிட்டா?"

"தூங்க விட்டாத்தானே? அடியை மாத்துங்கடா!"

பன்னிரண்டு வருஷமாக ஒரே அடி வைத்து நடந்த நான்கு பேரும் ஆளுக்கொரு அடி வைத்து ஓடினோம். பல்லக்கு குதித்தது. மீன்காரி கூடையோடு ஒதுங்கி எங்கள் வம்சத்தையே திட்டினாள். "ஐயோ, நிலநடுக்கமாடா?" என்று எசமான் உள்ளே அலறினார். பயத்தில் எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

குளியல் மண்டபத்து வாசற்படியில் நீதிபதியைப் பிடித்துவிட்டோம்.

"சீக்கிரம் ஆகட்டும், தண்ணி ஆறிடும்," என்றார் அவர்.

அவருடைய சேவகன் கோலால் என் தலையைத் தொட்டான். இனி எசமான் என் கையைப் பிடித்து, 'இவனை விடுதலை செய்கிறேன்' என்று சொல்லி, என்னை ஒரு சுற்றுச் சுற்றி, கையை விட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பிடித்தார். சொன்னார். சுற்றினார். விடவில்லை. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று.

"ஒரு சுத்து போதுமய்யா!" என்றார் நீதிபதி.

"விட்டா விழுந்துடுவேன்," என்று கெஞ்சினார் எசமான். "ஊரே சுத்துது."

"கையை விடலன்னா செல்லாது. நான் போறேன்," என்று நீதிபதி திரும்பினார்.

பித்தஸ் ஓடிவந்து எசமானை இடுப்போடு கட்டிப்பிடித்தான். நடுத்தெருவில் எசமானைத் தொட்டதற்குச் சவுக்கடி கிடைக்கலாம்.

"விடுங்க எசமான், நான் புடிச்சிருக்கேன்."

ஒவ்வொரு விரலாக விட்டார். நான் தலைசுற்றித் தெருவில் உட்கார்ந்தேன். கூட்டம் கைதட்டியது. அழுதேனா சிரித்தேனா தெரியாது, இரண்டும்தான்.

"கார்போஸ், பல்லக்கத் தூக்கு. வீட்டுக்குப் போலாம்."

"மாட்டேன் எசமான்."

அந்தச் சொல் நாக்கில் அப்படி இனித்தது! எசமான் தள்ளாடிக்கொண்டே பல்லக்கில் ஏறினார்.

பித்தஸ் முன்னால் வந்து என் இடத்தில் தோளைக் கொடுத்தான். நாலு பேர் சுமையை மூன்று பேர் தூக்கப் பார்த்தார்கள். பித்தஸை விடுதலை செய்வதாகக் குடிபோதையில்கூட எசமான் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"தள்ளுடா. இது அவருக்கில்ல, உனக்கு," என்று என் இடத்தில் நானே தோள் கொடுத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் சொன்னான்: "டேய் பெரிய மனுஷா, உன் அடி மாறுதுடா. எசமான் தூங்கணும்ல?"

"தூங்கவே கூடாது. நீதிபதி குளிச்சிட்டு வெளிய வர்றதுக்குள்ள விடுதலைக்கு உன் பேர் எசமான் வாயில வரணும்."

பல்லக்கைக் குளியல் மண்டபத்துப் பக்கமே திருப்பினோம்.