கஸ்பாருக்கு ஒரு 'நீங்க'

எங்க கட்டடத்துல ரெண்டாம் மாடியில, என் வீட்டுக்கு அடுத்த வீட்டுல இருக்கார் டாக்டர் கோட்லோப் ரென்ஸ். ஊசி போடற டாக்டர் இல்ல, லத்தீன் படிச்சு வாங்கின பட்டம். பள்ளிக்கூடத்துல துணைத் தலைமையாசிரியரா இருந்து ஓய்வு பெத்தவர். மனுஷன் வாயிலிருந்து 'நீ'ங்கற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. தபால்காரர், ரொட்டிக் கடைப் பொண்ணு, சொந்த மச்சினி, எல்லாருக்கும் 'நீங்கள்'தான். ஓய்வு பெத்ததும் அவர் பேச்சைக் கேக்க ஆளில்லாமப் போச்சு. சும்மா இருக்கலாம்ல? ஒரு நாயை வாங்கிட்டு வந்தார்.

நாயா அது! லேயோன்பெர்கர் ஜாதி, கன்னுக்குட்டி உசரம். பேரு கஸ்பார்.

அந்த வாரம் மாடிப்படி கழுவற முறை என்னுது. எங்க தெற்கு ஜெர்மனி ஸ்வாபியாவுல முறைய மட்டும் யாரும் தவற விடமாட்டோம். தவற விட்டா ஊரே காறித் துப்பும். வாளியும் துடைப்பமுமா நான் குனிஞ்சிருக்கேன், மேலேருந்து கஸ்பார் வருது, பின்னால கயித்தைப் பிடிச்சுக்கிட்டு டாக்டர் இழுபட்டு வர்றார். வாளி, நான், நாய், டாக்டர், எல்லாருமா கீழ்த்தளத்துல போய் விழுந்தோம். விழுந்த இடத்துலேருந்து அவர் கேட்டார், "திருமதி டாய்ஷ்லே, தாங்கள் நலமா?"

நலமாமே, நலம்! இடுப்பு இன்னைக்கும் வலிக்குது. அடுத்த குடியிருப்போர் கூட்டத்துல நான் விடல. வசந்தம் முடியறதுக்குள்ள நாய்ப் பயிற்சிக் கழகத்தோட கீழ்ப்படிதல் தேர்வுல கஸ்பார் பாஸாகணும், இல்லேன்னா வீட்டை விட்டுப் போகணும்னு தீர்மானம் போட வச்சேன்.

சனிக்கிழமையானா கழக மைதானத்துக்கு நானும் போவேன், வேடிக்கை பாக்கத்தான். பயிற்சி தர்றவ ஹைட்ரூன் மௌட்டே, தொண்டை ஒலிபெருக்கி மாதிரி.

"டாக்டர் சார், உட்காருன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க! அதட்டிச் சொல்லுங்க!"

"தயவுசெய்து உட்காருங்கள், கஸ்பார்," என்பார் இவர்.

"அய்யோ, நாய் சார் அது! நீ, வா, போன்னு பேசுங்க!"

"எங்களுக்குள் அறிமுகமாகியே சில வாரங்கள்தான் ஆகின்றன."

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா ஒரு விஷயம் சொல்லியாகணும். எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சுவர்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கு. அந்தப் பக்கம் "படுங்கள்"னு கேக்கும், தொம்முனு படுக்கிற சத்தம் வரும். "கை கொடுங்கள்"னு கேக்கும், "மிக்க நன்றி"ன்னு வரும். நாய் எல்லாத்தையும் கத்துக்கிட்டிருந்தது, மரியாதையோட சேர்த்து. மரியாதை இல்லாமச் சொன்னா அதுக்குப் புரியல, அவ்வளவுதான். இதைப் போய் நான் ஏன் ஹைட்ரூன்கிட்ட சொல்லணும்?

தேர்வுல நீட்டி முழக்கக் கூடாது, கட்டளை ஒத்த வார்த்தையா இருக்கணும்னு ஹைட்ரூன் கண்டிச்சுச் சொல்லிட்டா. அதனால டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். முறைப்படி கஸ்பாரோட 'நீ' சொல்லிக்கிறதுன்னு.

எங்க ஊர்ல சும்மா ஒருத்தரை 'நீ'ன்னுட முடியாது. வயசுல மூத்தவர் முதல்ல கேக்கணும், கையோட கையைக் கோத்துக்கிட்டு ஒரு வாய் குடிக்கணும், அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கலாம். நல்லவேளை, நாய் முந்திக்கல. பால்கனியில மேசை போட்டு, தனக்கு ஒரு கிளாஸ் ஒயினும் அதுக்கு ஒரு கிண்ணம் எலும்பு சூப்பும் வச்சு, கழுத்துல டை கட்டிக்கிட்டு நின்னார் மனுஷன். என் பால்கனியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்த நான் அப்படியே உறைஞ்சு போயிட்டேன். கஸ்பாரோட முன்னங்காலைத் தன் முழங்கையில கோத்துக்கிட்டு, "என் பெயர் கோட்லோப். இன்று முதல் நீ என்னை அப்படியே அழைக்கலாம்," என்றார். கஸ்பார் சூப்பைக் குடிச்சிட்டு அவர் ஒயினையும் நக்கிடுச்சு.

தேர்வு நாள் வந்தது. பரிசோதகர் வெளியூர்க்காரர், சிரிப்புன்னா என்னன்னே தெரியாத முகம். டாக்டர் மைதானத்து நடுவுல நின்னு, கண்ணை மூடித் தொண்டையைக் கனைச்சு, "உட்காரு!" என்றார்.

யாரைச் சொல்றார்னு கஸ்பார் பின்னால திரும்பிப் பார்த்தது.

"உட்காரு, கஸ்பார்!"

அடடா, நம்ம கோட்லோபான்னு ரெண்டு காலையும் தூக்கி அவர் தோள்ல போட்டு, மூக்குக் கண்ணாடியை நக்கி எடுத்துடுச்சு. மனுஷன் மூச்சு முட்டி, "ஐயா, தயவுசெய்து உட்காருங்கள்!" என்று கதறினார். அடுத்த நொடி கஸ்பார் கீழ இறங்கிச் சமத்தா உட்கார்ந்தது. அப்புறம் படுங்கள்னா படுத்தது, இருங்கள்னா இருந்தது, பரிசோதகருக்கே போய்க் கையும் கொடுத்தது.

"இது கட்டளை இல்ல, கெஞ்சல்," என்றார் பரிசோதகர். "ஃபெயில்."

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? ஆனா டாக்டர் முகத்தைப் பார்க்க முடியல. கயித்தைக் கையில சுத்திக்கிட்டு என் பக்கத்துல வந்து நின்னு, "இவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் ஏதேனும் தங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கல.

அடுத்த குடியிருப்போர் கூட்டம் ஊர்ச் சத்திரத்துப் பின்னறையில நடந்தது. கடைசியா ஒரு தடவை எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுப் போகட்டும்னு கஸ்பாரையும் கூட்டிட்டு வந்தார் டாக்டர். நாய் விஷயம்தான் முதல்ல. ஆனா மூணாம் மாடி மார்க்வார்ட் தன் சைக்கிளை நடையில விடறதை யாரோ இழுத்துவிட, அவன் கீழ்வீட்டு வெங்காய நாத்தத்தை இழுக்க, யார் முறைக்கு யார் படி கழுவலன்னு நான் இழுக்க, எல்லாரும் எழுந்து நின்னுட்டோம்.

"நீ வாயை மூடு!"

"யாரைப் பார்த்துடா நீங்கற?"

கட்டட நிர்வாகி ஃப்ளைடரர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ஞ்சு போய்க் கத்தினார், "எல்லாரும் தயவுசெய்து உட்காருங்க!"

ஒருத்தரும் உட்காரல. கஸ்பார் உட்கார்ந்தது.

சண்டையை விட்டுட்டு எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்தோம். மார்க்வார்ட் மெதுவா, "கை குடுங்க," என்றான். கஸ்பார் கொடுத்தது. கீழ்வீட்டு வெங்காயக்காரி, "படுத்துக்கோங்களேன்," என்றா. படுத்துக்கிச்சு. அப்புறமென்ன, ஆளாளுக்கு வரிசையில நின்னு மரியாதை பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. கஸ்பார் இருக்கலாம், ஆனா கட்டடத்துல எல்லாரும் அதை 'நீங்க'ன்னுதான் பேசணும்னு தீர்மானம். எதிர்த்துத் தூக்கின கை என்னுது ஒண்ணுதான். டாக்டர், கஸ்பாரோட கழுத்தைக் கட்டிக்கிட்டு எல்லார் முன்னாலயும் அழுதுட்டார்.

இப்ப வந்து எங்க வாசலைப் பாருங்க. "வாங்க கஸ்பார், முன்னாடி நீங்க போங்க"ன்னு மார்க்வார்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். அதே மார்க்வார்ட் ரெண்டு கையிலயும் பையோட நான் வந்தா மூஞ்சியில சாத்திட்டுப் போறவன். எனக்கு வயிறு எரியுது, வெளிப்படையாவே சொல்றேன். அதனால இப்பல்லாம் கடைக்குப் போயிட்டு வந்தா வாசல்லயே காத்திருப்பேன். கஸ்பார் வந்ததும் அது பின்னாலயே நானும் உள்ள நுழைஞ்சுடுவேன்.