நடுவில் காணாமல் போகும் பாட்டு

காளிமுத்து ஒரு திருட்டுப் பயல் என்று ஆண்டியப்பன் முடிவு கட்டியது, அவன் வாசிப்பை முதல் தடவை கேட்ட அன்றைக்கே.

எழுபத்தெட்டாம் வருசம். மகள் ஜெயா, தேயிலை மலையில் உள்ள சின்ன நகரமான தானா ராத்தாவில் ஒரு ஓட்டலில் அறை துடைத்துப் படுக்கை விரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கட்டினால் அங்கே ஆர்கன் வாசிக்கிற ஆளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விசாரிக்காமல் பெண் கொடுக்க ஆண்டியப்பன் என்ன கிறுக்கனா? கடைத்தெருவில் விசாரித்தால் பொய் சொல்வார்கள், கோயிலில் விசாரித்தால் இரண்டு மடங்கு பொய் சொல்வார்கள். ஆகவே நேரே ஓட்டலுக்கே போனார். முன்வாசலில் விடமாட்டார்கள் என்பதால் ஜெயா அவரைச் சமையல்கட்டு வழியாகக் கூட்டிப்போய்க் கதவோரம் நிறுத்தினாள்.

உள்ளே காளிமுத்து கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் மேசை மாதிரி ஒரு பெட்டி. கைக்கு இரண்டு அடுக்குக் கட்டைகள், காலுக்கு ஒரு வரிசை மரக்கட்டைகள். சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலுறையோடு மிதித்துக்கொண்டிருந்தான். வலது கை ஒரு திசை, இடது கை ஒரு திசை, கால் வேறொரு திசை.

"என்னாம்மா, தையக்காரனாட்டம் இருக்கான்?"

"சும்மா இருங்கப்பா."

ஆரம்பம் ஒழுங்காகத்தான் இருந்தது. ரேடியோவில் வருகிற ஏதோ வெள்ளைக்காரப் பாட்டு. ஆண்டியப்பனுக்கே பழகின மெட்டு. தலையைக்கூட ஆட்டினார். ஒரு சுற்று முடிந்தது, பாட்டைக் காணோம். விரல்கள் எங்கெங்கோ ஓடின. ஏறின, சறுக்கின, ஒரே இடத்தில் நின்று கொத்தின. பிறகு ஒன்றுமே நடக்காதது போல அதே பாட்டுக்குத் திரும்பி வந்து முடித்துவைத்தான். சுற்றுலா வந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஆண்டியப்பனுக்கு இந்த வித்தை புதிதில்லை. அவர் மனைவி மணியம்மா தேயிலை பறித்த காலத்தில் கொழுந்துக் கூடையைத் தராசில் வைக்கும்போது கனமாகத்தான் இருக்கும். கணக்கில் பதிகிறபோது இளைத்திருக்கும். நடுவில் என்னவாயிற்று என்றால், "ஈரத்துக்குக் கழிச்சாச்சு" என்பான் கங்காணி.

வெளியே வந்த காளிமுத்துவை அவர் கும்பிடக்கூட விடவில்லை.

"முன்னாடி பாட்டு இருக்கு, பின்னாடி பாட்டு இருக்கு. நடுவுல எங்கடா?"

"அதுதான் மாமா ஜாஸ்."

"ஓ, அதுக்குப் பேரு வேற வச்சிருக்கீங்களா?"

ஆள் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரன், அவன் அப்பா பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர். கடைசி வெள்ளைத் துரையின் துரைசானி ஒரு ஆர்கன் பெட்டி வைத்திருந்தாள். காற்று மிதிக்க அவளுக்குக் கால் வலிக்கும். ஆகவே அவள் ஏசுவின் வேதப் பாட்டு வாசிக்க, காளியின் பெயர் வைத்துக்கொண்டு இவன் தரையில் குந்திக் கையால் காற்றடித்தான். மத்தியானம் அவள் தூங்கியதும் மேலே ஏறி உட்கார்ந்துவிடுவான். அவள் சீமைக்குப் போன பிறகு ஈப்போவுக்கு ஓடி, ஈயச் சுரங்க முதலாளிகள் குடிக்கிற கிளப்பில் ஒரு சீனக் கோஷ்டியோடு சேர்ந்தான். கூட வாசித்த பிலிப்பைன்ஸ்காரனிடமிருந்து இந்த நடுவில் ஓடும் வித்தையைப் பிடித்துக்கொண்டான். கிளப்பை மூடினபோது ஆர்கனை ஓட்டல்காரன் வாங்கினான். வீட்டை விற்றால் கூடவே நாய் வருமே, அப்படி இவனும் வந்து சேர்ந்தான்.

திருடனோ இல்லையோ, ஆண்டியப்பனுக்கு ஒரு மாப்பிள்ளை அவசரமாகத் தேவைப்பட்டான். அடுத்த வருசத்தோடு அவருக்கு வேலை வயது முடிகிறது. குடும்பத்தில் ஒரு ஆளாவது விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து நின்றால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு தங்கும். மணியம்மா மூட்டுவலியால் மலை ஏறுவதை விட்டாயிற்று. மகளுக்கு ஓட்டல் வேலை. மகனும் கிடையாது. பெயர் இல்லாவிட்டால், பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டும்.

"தோட்டத்துல பேர் பதி. பகல்ல பேக்டரி, ராத்திரி உன் களவாணித்தனம். சம்மதம்னா பொண்ணு, இல்லாட்டி போலாம்."

காளிமுத்து ஜெயாவைப் பார்த்தான். ஜெயா அவனை முறைத்தாள்.

"சரி மாமா."

ஆண்டியப்பன் வேலை செய்த ரோலரிலேயே அவனைச் சேர்த்துவிட்டார். வாடிய கொழுந்தை உருட்டிப் பிசைகிற மெஷின் அது. எல்லா ரோலரும் ஒன்றாகச் சுற்றாது; ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். காளிமுத்து கொழுந்தைப் பார்க்காமல் அதைக் கேட்டுக்கொண்டு கம்பியில் தட்டுவான். ஆண்டியப்பன் மண்டையில் தட்டுவார்.

"கொழுந்து சாணியாப் போவுது, உனக்குக் கச்சேரி கேக்குதா?"

"அந்த மூணாவது ரோலரு நல்லா வாசிக்குது மாமா."

"எண்ணெ போடாம கெடக்கு, அதான் கத்துது!"

சனிக்கிழமை தோறும் ஓட்டல் சமையல்கட்டுக் கதவோரம் போய் நிற்பது அவருக்கு வழக்கமாயிற்று. கேட்கப் போகவில்லை, கண்காணிக்கப் போனார். அப்படித்தான் மணியம்மாவிடம் சொன்னார்.

கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்த மாசம் ஒரு சனிக்கிழமை, மலையிலுள்ள துரைமாரெல்லாம் அந்த ஓட்டலில் விருந்துக்குக் கூடினார்கள். இவர்கள் தோட்டத்துத் துரையும் வந்திருந்தார். நம்ம ஆள்தான். வெள்ளைக்காரன் போன பிறகு அவனுடைய தொப்பியையும் கோபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர். இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் பாட வேண்டும் என்று எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"ஏய், நீ நம்ம ரோலர் பையன்தானே? கோட்டெல்லாம் போட்டிருக்கே! நான் பாடுறேன், நீ பின்னாடி வா."

துரை பாடினார். குரலைப் பற்றிச் சொன்னால் பாவம் வரும். ஒரு சுற்று முடிந்தது. கூட்டம் கை தட்டியது. காளிமுத்து எப்போதும் போலத் தன் பங்குக்கு நடுவில் இறங்கினான். துரை சிரித்துக்கொண்டே காத்திருந்தார். ஆர்கன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பாடுகிற ஆள் நுழைய வேண்டிய இடத்துக்கு வந்தது. இத்தனை சனிக்கிழமை நின்றதில் அந்த இடம் ஆண்டியப்பனுக்கே தெரியும். துரை வாயைத் திறந்தார். யோசித்தார். இடம் போய்விட்டது.

ஆர்கன் இன்னொரு சுற்றுப் போய் மறுபடி வந்தது. துரை மூச்சை இழுத்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அதுவும் போயிற்று. அடுத்த தடவை ஒரு சொல் வெளியே வந்து, தப்பான இடமென்று தெரிந்து, திரும்ப உள்ளே போனது. அதன் பிறகு மனிதர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கையில் மைக், வாய் பாதி திறப்பு, புருவம் இரண்டும் நெற்றிக்கு மேல். மற்ற துரைமார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் ஆண்டியப்பன் எத்தனை முறை நின்றிருக்கிறார்! துரை நிற்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறார். துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். அப்படியும் அடங்காமல் உடம்பு குலுங்கி, பக்கத்திலிருந்த தட்டுகள் கடகடத்தன.

பிறகு காளிமுத்துவை மூலையில் தள்ளினார். "டேய், வேணும்னுதானே செஞ்ச?"

"சாமி சத்தியமா இல்ல மாமா. மூணு தரம் கதவத் தொறந்து விட்டேன். மனுசன் வாசல்லயே நின்னா நான் என்னா பண்ண?"

ஆண்டியப்பன் அதை நம்பவில்லை. ஆனால் நம்பாததில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே ஆபீசிலிருந்து ஆள் வந்தது. துரை நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"ஆண்டியப்பா, உன் மருமகன்கிட்ட சொல்லு. வர்ற சனிக்கிழமை அதே ஓட்டல். நான் பாடுவேன். அவன் அத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்டுட்டு, வாலாட்டாம ஒழுங்கா வாசிக்கணும். செஞ்சான்னா பேர் இருக்கும், வீடும் இருக்கும்."

கேட்டது பெரிய காரியமில்லை. ஜெயாவை விட்டு இரண்டு சொட்டுக் கண்ணீர் விடச் சொன்னால் காளிமுத்து ஒத்துக்கொள்வான். ஆண்டியப்பன் ஏறக்குறையத் தலையாட்டிவிட்டார். ஆனால் நிமிர்ந்து துரையைப் பார்த்தால் கண்ணில் துரை படவில்லை, அன்றைக்குப் பாதி திறந்து நின்ற அந்த வாய்தான் பட்டது. மன்னிப்புக் கேட்டால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதையும் ஈரத்துக்குக் கழித்துவிடுவார்கள்.

"சொல்ல முடியாதுலா ஐயா."

"என்னது?"

"அவன் திருட்டுப் பயதான். நானே சொல்றேன். ஆனா அன்னைக்கு அவன் எதையும் திருடல. நீங்கதான் உள்ள வரல."

பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணியின் பேனா நின்றது. துரை எழுந்தார். "வீட்டைக் காலி பண்ணிடு."

"கூரை ஒழுவுது ஐயா. அடுத்து வர்றவனுக்காவது மாத்திக் குடுங்க."

லயத்துக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் மணியம்மா வாசலிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். "அய்யோ, குடிகெடுத்த மனுசா! கல்யாணத்த வச்சுக்கிட்டு வீட்ட விட்டுட்டு வந்து நிக்கிறியே! என்னாத்துக்கு? அப்படி என்னாத்தக் கண்டுட்ட?"

ஆண்டியப்பன் அடுப்படிக்குப் போய் அகப்பையை எடுத்து வந்தார். அவள் முன்னால் வந்து நின்று, அகப்பையை மைக்கு மாதிரிப் பிடித்தார். வாயைப் பாதி திறந்தார். புருவம் இரண்டையும் நெற்றிக்கு ஏற்றினார். அப்படியே நின்றார்.

"என்னாய்யா இது?"

"துரை."

மணியம்மா மூக்கைச் சிந்தினாள். இன்னொரு தடவை பார்த்தாள். அழுகையை நிறுத்த மனமில்லாமல், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கினாள்.

"பொறு," என்றார் ஆண்டியப்பன், வாயை மூடாமலே. "இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."